கை கட்டுகிற வேலை

அந்த அம்மாளைப் பற்றி எழுதுவதற்கு முன், எழுதுகிறவன் யார் என்பதைச் சொல்லிவிடுவது முறை. நான் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றவன். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட வயல்கள் தொழிற்சாலைகளாக மாறத் தொடங்கிய காலத்திலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை வாகனத் தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றியவன். இறுதியில் அப்பிரிவின் தலைவனாக இருந்தவன். நான் ஒப்புதல் தராத வண்டி வாயிலைத் தாண்டியதில்லை. ஓய்வுக்குப் பிறகு பென்னலூரில், நெடுஞ்சாலையை ஒட்டி, எல்லா நிறுவன வண்டிகளையும் பழுது பார்க்கும் ஒரு பணிமனையை என் பெயரிலேயே தொடங்கினேன். பெயர்ப்பலகையில் என் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் எழுதச் செய்தேன். விளம்பரத்துக்காக அன்று. அங்கே நடப்பதற்குப் பொறுப்பாளி இன்னார் என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

அந்த அம்மாளின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒரு பெயரைச் சொன்னால், அதன் ஊரையும் தெருவையும் உறவையும் தேடிக்கொண்டு போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அவர் பென்னலூருக்கு அருகே பிறந்து, குன்றத்தூரில் வாழ்க்கைப்பட்டவர் என்பது போதும். எங்களிடம் வந்தபோது நாற்பதைக் கடந்திருந்தார். வண்டியின் கணினிப் பெட்டிகளுக்கு மறுபடியும் நிரல் எழுதும் வேலை எங்கள் பணிமனையில் முறையாகத் தொடங்கியது அவரால்தான்.

அந்த வேலை இன்னதென்று அறியாதவர்களுக்காகச் சில வரிகள். இன்றைய வண்டியில் இருப்பது ஒரு கணினி அன்று, பல. எஞ்சினுக்கு ஒன்று, கியருக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, கதவுக்கும் விளக்குக்கும் ஒன்று என்று சிறு சிறு பெட்டிகளாக ஆங்காங்கே ஒளிந்திருக்கும். தான் என்ன செய்ய வேண்டும் என்பது ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எழுதப்பட்டிருக்கும். அந்த எழுத்தில் குறை கண்டு நிறுவனம் திருத்திய நிரலை வெளியிட்டால், பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஓர் ஒயரை மாட்டி, மறுமுனையை லேப்டாப்பில் இணைத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது என்று அந்தக் கருவியை விற்கிறவர்கள் சொல்வார்கள். பொத்தான் அழுத்துவது எளிதுதான். பழையது அழிந்து, புதியது முழுமையாக ஏறும்வரை உள்ள இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது. அந்த இடைவெளியில் பெட்டி பழையதும் அன்று, புதியதும் அன்று. அப்போது பேட்டரி சற்றே தளர்ந்தாலும், யாரேனும் கதவைத் திறந்து மூடினாலும், எழுத்து பாதியில் நின்றுவிடலாம். நின்றுவிட்டால் அந்த வண்டி வெறும் இரும்பு.

இதை நாங்கள் அனுபவத்தில் கற்றோம். கருவியை வாங்கிய புதிதில், பயிற்சி பெற்றுத் திரும்பிய எங்கள் மூத்த மெக்கானிக் முதல் வண்டியில் அமர்ந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதில் அவருக்கு நிகர் இந்தச் சாலையில் இல்லை. எழுத்து ஏறிக்கொண்டிருக்கும்போது வண்டிக்குள் புழுக்கமாக இருந்ததால் ஜன்னல் கண்ணாடிகளை இறக்கினார். கண்ணாடிகள் இறங்கின. பேட்டரியும் உடன் இறங்கியது. வண்டி அத்துடன் பேச்சை நிறுத்திக்கொண்டது. வேறு பெட்டி தருவித்துப் பொருத்திக் கொடுத்தோம். இரண்டாம் முறை அப்படி ஒன்று நேர்ந்தால் பெயர்ப்பலகையை இறக்கிவிட வேண்டியதுதான் என்று அன்று எனக்குள் தீர்மானித்துக்கொண்டேன்.

இந்த நிலையில்தான், ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்திருந்த அந்த அம்மாளை ஒருவர் அனுப்பிவைத்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார். முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"வண்டிக்குப் பேச்சு குடுக்கிற எடத்துல நின்னுக்கினு இருந்தேன் சார்."

"புரியும்படி சொல்லுங்கள்."

"லைன்ல கடைசி ஸ்டேஷன் சார். அதுவரிக்கும் வண்டி ஊமையாதான் வரும். நான் ஒயர மாட்டிட்டு, கையக் கட்டிக்கினு நிப்பேன். பச்ச லைட்டு எரிஞ்சா அது பேசும். அடுத்த ஊமை வந்துடும்."

"இத்தனை ஆண்டுகளில் அங்கே என்ன கற்றுக்கொண்டீர்கள்?"

"கையக் கட்டிக்கினு நிக்கறதுதான் சார்."

முதலில் அதைத் துடுக்காக எடுத்துக்கொண்டேன். பிறகு புரிந்தது, அவர் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தார். அத்தகைய நிலையங்களில் தரையில் மஞ்சள் வண்ணத்தில் ஒரு கட்டம் வரைந்திருப்பார்கள். ஒயரை மாட்டியவர் அந்தக் கட்டத்துக்குள் வந்து, கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எந்தக் கையும் வண்டிக்குள் இல்லை என்பது தொலைவில் நிற்கும் சூப்பர்வைசருக்குத் தெரிவதற்காக ஏற்பட்ட விதி அது. என் போன்றவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து இத்தகைய விதிகளை எழுதுகிறோம். பெரும்பாலானவர்கள் கண்காணிப்பு இருக்கும்வரை அவற்றைப் பின்பற்றுவார்கள். கண்காணிப்பு இல்லாத இடத்துக்கும் ஒரு விதியைத் தம்முடன் எடுத்துவந்த ஒருவரை நான் அப்போதுதான் முதன்முறையாகக் கண்டேன்.

அவர் சேர்ந்த அன்று, மூத்த மெக்கானிக் ஒரு வண்டியைக் காட்டி, "ஏக்கா, இதுக்கு ஒரு பிளாஷ் அடிச்சு விடுங்க" என்றார்.

"அடிக்கிறதுக்கு அது இன்னா பெயிண்டா? எழுதறதுன்னு சொல்லு."

"எழுதுனா என்ன, அடிச்சா என்ன? எல்லாம் ஒண்ணுதான?"

"அடிக்கிறேன்னு சொல்றவன் அவசரப்படுவான். எழுதறேன்னு சொல்லிப் பாரு, தானா ஒக்காருவே."

பணிமனையில் அந்தச் சொல் அன்றே மாறியது. அந்த அம்மாள் வேலை செய்யும் முறை மாறாத ஒரு வரிசையைக் கொண்டிருந்தது. முதலில் வண்டிக்கு உண்மையில் என்ன குறை என்று விசாரிப்பார். பேட்டரியில் சார்ஜரை மாட்டி, மின்னழுத்தம் நிலையாக நிற்கிறதா என்று பொறுமையாகப் பார்ப்பார். பெட்டிக்குள் ஏற்கெனவே இருப்பதை அப்படியே படித்து லேப்டாப்பில் பத்திரப்படுத்துவார். "பழச எடுத்து வெக்காம புதுச தொடாதே" என்பார். எழுதப்போகும் நிரல் அந்தப் பெட்டிக்கு உரியதுதானா என்று எண்களை ஒப்பிடுவார். இவையெல்லாம் முடிந்ததும் சுற்றிலும் ஒரு முறை பார்த்து, "எல்லாரும் கையக் கட்டு" என்பார். அதன் பிறகுதான் பொத்தான்.

"நாங்க என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையளா, கையக் கட்டிட்டு நிக்கதுக்கு?" என்று மூத்த மெக்கானிக் முதல் நாள் கேட்டார்.

"பள்ளிக்கூடத்துல ஒழுங்கா கட்டியிருந்தா அன்னிக்குக் கண்ணாடிய எறக்கியிருக்க மாட்டே."

அவர் கட்டிக்கொண்டார்.

நானும் அருகில் நின்றிருந்தேன். நான் யார் முன்னாலும் கை கட்டி நின்று பழகியவன் அல்லன். என் வழக்கப்படி கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டேன். அந்த அம்மாள் என்னையும் விடவில்லை.

"சார், பின்னாடி வெச்சா கை இன்னா பண்ணுதுன்னு எனக்குத் தெரியாது. முன்னாடி கட்டிக்குங்க."

மெக்கானிக்குகள் என் முகத்தைப் பார்க்காமல் டயர்களைப் பார்த்தார்கள். விதி என்று ஒன்று இருந்தால் அது எழுதியவனுக்கும் உண்டு என்பதை நான் வாழ்நாள் முழுவதும் பிறருக்குச் சொல்லி வந்திருக்கிறேன். ஆகவே முன்னால் கட்டிக்கொண்டேன். வாடிக்கையாளர்களுக்கும் இதே விதி பொருந்தியது. நாளடைவில் அந்த வேலைக்கே அதுதான் பெயராயிற்று. "உங்க வண்டிக்குக் கை கட்டுற வேலை இருக்கு, வந்து நிக்கிறீங்களா, வுட்டுட்டுப் போறீங்களா?" என்று எங்கள் வரவேற்பு மேசையிலிருந்து போனில் கேட்பார்கள். புதியவர்கள் குழம்புவார்கள். பழையவர்கள், வந்து கட்டிக்கொள்கிறோம் என்று சிரிப்பார்கள்.

மற்ற நேரங்களில் அந்த அம்மாளின் கைகள் ஓய்ந்து நான் பார்த்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பேசும்போது வாயைவிடக் கைகள் அதிகம் பேசும். எதிரே இருப்பவர் தோளில் அடிக்காமல் ஒரு செய்தியையும் அவரால் முடிக்க முடியாது. தேநீர் ஆறியிருந்தால் கொண்டுவந்தவரைக் கூப்பிட்டு, குவளையை ஆட்டி ஆட்டிச் சண்டை போடுவார். குரலும் பெரிது. நான் பலமுறை என் அறையிலிருந்து வெளியே வந்து, இது பணிமனை, சந்தை அன்று என்று நினைவுபடுத்தியிருக்கிறேன். "சரி சார்" என்று அதே குரலில் பதில் வரும். அத்தகையவர் பொத்தானை அழுத்திக் கைகளைக் கட்டியதும் வேறொருவராகிவிடுவார். பேச்சு நின்றுவிடும். எழுத்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் காட்டித் திரையில் நகரும் பச்சைக் கோட்டைப் பார்த்தபடி நிற்பார். கோடு முடிந்து, வண்டி உயிர்த்து, பிழைக் குறிகளை அழித்த பிறகே, விட்ட இடத்திலிருந்து அந்தச் சண்டையைத் தொடருவார்.

எழுதத் தெரிந்தவர் என்பதால் எதையும் எழுதிவிடுகிறவரும் அல்லர். வந்த வண்டிகளில் கணிசமானவற்றை ஒன்றும் செய்யாமலே திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒருமுறை ஓர் இளைஞர் புதிய காரைக் கொண்டுவந்து, எஞ்சினின் வேகத்தைக் கூட்டி எழுதித்தரச் சொன்னார்.

"இப்ப கீற ஸ்பீடு எங்கப்பா உனக்குப் பத்தல?"

"ஒரகடம் ரோட்லதான்கா. நம்மள எல்லாம் ஓவர்டேக் பண்ணிக்கினு போறானுங்க."

"அந்த ரோட்ல கண்டெய்னர் லாரி நிக்குதே, மாடு குறுக்கால வருதே. அதுங்களுக்கும் யாராச்சும் புரோகிராம் எழுதிட்டாங்களா?"

"காசு குடுக்கறேன்கா."

"காசு வாங்கிக்கினு உன்ன எரிக்கிறதுக்கு வேற எடம் கீது. வூட்டுக்குப் போ."

வந்த வாடிக்கையாளரிடம் பேசும் முறையா இது என்று நான் கண்டித்தேன். செய்ய மறுத்ததைக் கண்டிக்கவில்லை. நிறுவனம் ஏற்காத எழுத்தை வண்டியில் ஏற்றுவதில்லை என்பது என் கொள்கையும்கூட.

அவருடைய கணவர் ஒரு கம்பெனிப் பேருந்தின் ஓட்டுநர். அவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்த அன்று, முதலாளி என்ற முறையில் நான் மருத்துவமனைக்குப் போனேன். உறவினர்கள் ஒரு பக்கம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நர்ஸை வழிமறித்து, உள்ளே என்ன நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் மட்டும் அறுவை அறையின் கதவுக்கு எதிரே, சுவரில் சாயாமல், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் அருகே போய், எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் கண்களைக் கதவிலிருந்து எடுக்கவில்லை.

"ஓடிக்கினு கீது சார். நடுவுல கேக்கக்கூடாது."

நானும் அவர் பக்கத்தில் நின்றேன். எப்போது கட்டினேன் என்று தெரியவில்லை, என் கைகளும் கட்டியிருந்தன. மருத்துவர் வெளியே வந்து தலையசைத்த பிறகுதான் அவர் கைகளை அவிழ்த்தார். உடனே அந்த உறவினரைப் பிடித்து, நர்ஸைத் தொந்தரவு செய்ததற்காகத் தோளில் இரண்டு அடி வைத்தார்.

இனி நான் சொல்லப்போவது எங்கள் பகுதியில் பலரும் பலவிதமாகச் சொல்லிவரும் ஒரு நிகழ்ச்சி. நான் நேரில் நின்று பார்த்தவன்.

எங்களுக்கு நிலையாக வண்டிகளை அனுப்பிவந்தவர்களில் முதன்மையானவர், தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிச்செல்லும் வேன்களின் ஒப்பந்ததாரர். அவர் குடும்பத்து நிலத்தில் கால் வைக்காமல் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக முடியாது என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். நிலம் தொழிற்சாலைகளுக்குப் போயிற்று. அதே தொழிற்சாலைகளுக்கு அவர் வேன் விட்டார். மிச்சமிருந்த இடத்தில் வரிசையாக அறைகள் கட்டி, வெளியூர்த் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டார். எங்கள் மெக்கானிக்குகளில் பாதிப்பேர் அந்த அறைகளில் குடியிருந்தவர்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்த வேண்டிய தேவை ஏற்படாமலே வளர்ந்தவருக்குரிய மெதுவான பேச்சு.

அவருடைய வேன் ஒன்று ஏற்றத்தில் இழுக்காமல் திணறியது. அந்தக் குறைக்கு நிறுவனம் திருத்திய நிரலை வெளியிட்டிருந்தது. பிற்பகல் ஷிப்டுக்கு ஆள் ஏற்ற வேண்டியிருந்ததால், அவரே ஓட்டுநருடன் வந்திருந்தார். அந்த அம்மாள் வழக்கமான வரிசையை முடித்து, பழையதைப் பத்திரப்படுத்தி, எழுதத் தொடங்கிவிட்டார். நாங்கள் எல்லோரும் வேனைச் சுற்றிக் கை கட்டி நின்றிருந்தோம். அதுவரை வெளியே போனில் பேசிக்கொண்டிருந்த ஒப்பந்ததாரர், பேச்சை முடித்துக்கொண்டு உள்ளே வந்து, வேனின் டாஷ்போர்டு மேல் வைத்திருந்த மூக்குக் கண்ணாடியை எடுக்கக் கதவின் கைப்பிடியைப் பற்றினார்.

"ஐயா, தொடாதீங்க. ஓடிக்கினு கீது. கையக் கட்டிக்கினு இப்படி நில்லுங்க."

பிற ஊர்க்காரர்களுக்கு அது சாதாரணச் சொல். இங்கே அந்தச் சொல்லுக்கு வேறு வரலாறு உண்டு. கட்டச் சொன்னவர்கள் ஒரு பக்கம், கட்டியவர்கள் மறுபக்கம் என்று இருந்த ஊர்கள் இவை. அவர் கைப்பிடியை விட்டார். ஆனால் திரும்பி அந்த அம்மாளைக் கூர்ந்து பார்த்தார்.

"யார கையக் கட்டச் சொல்றே?"

"யாரா இருந்தாலும்தான் ஐயா. சாரே கட்டிக்கினுதான் நிக்கறாரு, பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் கட்டியிருந்தேன். அவிழ்க்கவில்லை.

"எங்க நெலத்துல ஏர் ஓட்டுனவன் மவதானே நீ? உங்கப்பன் எங்க வூட்டு வாசல்ல கையக் கட்டிக்கினு நின்னத நான் பாத்துக்கீறேன்."

அந்த அம்மாளின் முகம் மாறியதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"அவுரு கட்டுனது உங்களுக்கு ஐயா. இது வண்டிக்கு."

மற்றவர்கள் அசையாமல் இருந்திருந்தால் அது அந்த அளவிலேயே நின்றிருக்கலாம். மூத்த மெக்கானிக் சிரித்துவிட்டார். அடக்க முயன்று, முடியாமல், ஒரே ஒரு வெடிப்பாக வந்த சிரிப்பு. ஒப்பந்ததாரரின் காது மடல் சிவந்தது. திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, சாவியைத் திருப்பி உருவினார்.

"என் வண்டி. என் சாவி."

பச்சைக் கோடு பாதியில் நின்றது.

"போச்சு" என்றார் அந்த அம்மாள், தணிந்த குரலில். கைகள் அப்போதும் கட்டியே இருந்தன.

சாவியை மறுபடி போட்டுத் திருப்பிப் பார்த்தார்கள். வேன் அசையவில்லை. ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒப்பந்ததாரர் என் பக்கம் வந்தார்.

"ஒண்ணும் தெரியாத பொம்பள கையில வண்டிய குடுத்துட்டு வேடிக்க பாக்கறீங்களே சார். இவள இப்பவே வெளிய அனுப்புங்க. இல்லன்னா என் வண்டி ஒண்ணுகூட இனிமே உங்க ஷெட்டுப் பக்கம் வராது."

சொன்னதோடு நிற்கவில்லை. எங்கள் காதுபடவே வேறொரு வேன் முதலாளியைப் போனில் அழைத்து, "ஒரு பொம்பள வேணும்னே நம்ம வண்டிய சாவடிச்சிட்டா" என்றார். அந்த ஒரு வாக்கியம் அன்று மாலைக்குள் சுங்கச்சாவடிவரை போய்ச் சேர்ந்துவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிறகு இந்தச் சாலையில் எந்தப் பணிமனையும் அந்த அம்மாளின் கையில் ஓர் ஒயரைக்கூடத் தராது.

"சாவியைத் திருப்பியது நீங்கள்" என்றேன். "நான் இங்கே நின்று பார்த்தேன்."

"அவ பேசுன பேச்சு அப்படி."

"பேச்சைப் பற்றி நான் சொல்லவில்லை. சாவியைப் பற்றிச் சொல்கிறேன். பார்த்தவர்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள்."

மெக்கானிக்குகளைப் பார்த்தேன். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். வாடகைக்கு இருப்பவர்களின் மௌனம் அது. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை.

அந்த அம்மாள் அப்போதுதான் கைகளை அவிழ்த்து என்னிடம் வந்தார்.

"சார், ஒரே ஒரு தபா டப்பாவ வெளிய எடுத்து, மேசையில வெச்சி எழுதிப் பாக்கறேன். பழசு எங்கிட்ட பத்திரமா கீது. அது உள்ள கொஞ்சம் உசுரு இருந்தா புடிச்சிக்கும். அதுக்கப்புறம் என்ன அனுப்பறதுன்னா அனுப்புங்க. செத்த வண்டிய வுட்டுட்டு நான் போனா, அது என் பேருலதான் செத்துக் கெடக்கும்."

பாதியில் நின்ற பெட்டிகளில் சிலவற்றின் அடியில், எழுதிக்கொள்ளும் வழியை மட்டும் நினைவில் வைத்திருக்கும் ஒரு சிறு பகுதி தப்பிப் பிழைத்திருக்கும். பெட்டியைத் தனியே கழற்றி, அதற்கு நேரடியாக மின்சாரம் கொடுத்து எழுதினால் சில வேளைகளில் மீளும். சில வேளைகளில் மீளாது. நான் அனுமதித்தேன்.

"என் கண்ணு முன்னாடி பண்ணணும்" என்றார் ஒப்பந்ததாரர். "அப்புறம் வேற டப்பாவ வெச்சிட்டு, பொழைக்க வெச்சோம்னு கத சொல்லுவீங்க."

"நல்லா பாருங்க ஐயா" என்றார் அந்த அம்மாள். "சாவிய மட்டும் சாருகிட்ட குடுத்துடுங்க."

அவர் சற்றுத் தயங்கி, சாவியை என்னிடம் கொடுத்தார். நான் அதை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பெட்டியைக் கழற்றி ஒரு ரப்பர் விரிப்பின் மேல் வைத்தார்கள். அந்த அம்மாள் ஒயர்களை ஒவ்வொன்றாக மாட்டினார். மாட்டியதை மறுபடி விரலால் தொட்டுச் சரிபார்த்தார். மெக்கானிக்குகள், எவரும் சொல்லாமலே, மேசையைச் சுற்றி வந்து கைகளைக் கட்டிக்கொண்டார்கள். வாய் திறக்க முடியாதவர்கள் அன்று செய்யக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான் என்று பின்னர் எனக்குத் தோன்றியது. மூத்த மெக்கானிக் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார். வேனின் ஓட்டுநரும் கட்டிக்கொண்டார்.

"தொடங்கட்டுமா சார்?"

"தொடங்குங்கள்."

முதல் முறை பெட்டி பதில் தரவில்லை. ஓர் ஒயரை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டினார். இம்முறை திரையில் கோடு தோன்றியது. அது நகர்ந்த வேகத்தை நான் விவரிக்க மாட்டேன். கை கட்டி நின்று பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். அந்த அம்மாளின் உதடுகள் உலர்ந்திருந்தன. நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை. கோடு மறுமுனையைத் தொட்டது. பழைய எழுத்தை முதலில் ஏற்றி, பெட்டி மீண்டதை உறுதி செய்துகொண்டு, அதன் மேல் திருத்திய எழுத்தை ஏற்றினார். பெட்டியை வேனில் பொருத்தினார்கள். நான் இழுப்பறையைத் திறந்து சாவியைக் கொடுத்தேன். வேன் ஒரே திருப்பில் கிளம்பியது.

ஒப்பந்ததாரர் நன்றி சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "ஏத்திக்கினு போ, நேரமாச்சு" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டுத் தம் காரில் ஏறினார். ஏறுவதற்கு முன் அந்த வேன் முதலாளியை மறுபடி போனில் அழைத்தார். "வண்டி கெளம்பிடுச்சி. அந்தம்மா மேல தப்பு இல்ல. சாவிய நான்தான் அவசரப்பட்டுத் திருப்பிட்டேன்" என்றார். அதையும் எங்கள் காதுபடவே சொன்னார் என்பதைப் பதிவு செய்வது என் கடமை.

அந்த அம்மாள் தண்ணீர் குடித்தார். பிறகு மூத்த மெக்கானிக்கின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"நீ சிரிச்ச பாரு, அதான்டா சாவியத் திருப்புச்சு. அடுத்த தபா கையோட சேத்து வாயையும் கட்டிக்க."

"நான் வேணும்னா சிரிச்சேன்? நீங்க சொன்னது அப்படி இருந்துச்சுல்லா."

"நான் சிரிக்கறதுக்கா சொன்னேன்?"

அந்த மெக்கானிக் மேசையிலிருந்த ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினார்.

அதன் பிறகும் சில ஆண்டுகள் அவர் எங்களிடம் இருந்தார். ஒசூரில் மின்சார வண்டிகள் செய்யும் ஓரிடத்தில், வரிசையின் கடைசி நிலையத்துக்கு ஆட்களைப் பழக்குவதற்கு அழைத்தார்கள். கணவரின் உடல்நிலைக்கும் அந்த ஊர் ஒத்துவரும் என்று போனார். இப்போது அந்த வேலையை மூத்த மெக்கானிக் செய்கிறார். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் பணிமனையில் ஒரு பெட்டியும் பாதியில் நிற்கவில்லை.

அந்த அம்மாள் போன பிறகு கதைகள் வளர்ந்தன. தகப்பனார் நின்ற நிலைக்குப் பழிவாங்க வேண்டுமென்றே அவர் வண்டியைக் கெடுத்தார் என்கிறார்கள். அது பொய். ஒப்பந்ததாரரைத் திருப்திப்படுத்த நான் அவரை வேலையிலிருந்து நீக்கினேன் என்கிறார்கள். அதுவும் பொய், அந்த ஒப்பந்ததாரரின் வேன்கள் இன்றும் எங்களிடம்தான் வருகின்றன.

மூன்றாவது கதை ஒன்று இருக்கிறது. அண்மையில் ஒரு திருமண வீட்டில், என்னை யாரென்று அறியாத ஒருவர் எனக்கே அதைச் சொன்னார். மேசையில் எழுத்து ஏறிய நேரம் முழுவதும் அந்தப் பெரிய மனிதர் வேட்டியை இறக்கிவிட்டு, அந்த அம்மாளின் முன்னால் கை கட்டி, தலை குனிந்து நின்றாராம். சொன்னவருடைய முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியாததன்று. ஆனால் அங்கே நின்றவன் நான்.

அவர் கை கட்டவில்லை. தலை குனியவும் இல்லை. வேட்டியின் இரு முனைகளையும் இரு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோடு முடியும்வரை அசையாமல் நின்றார். அந்த அம்மாள் தொடங்குவதற்கு முன் ஒரு முறை திரும்பி அவருடைய கைகளைப் பார்த்தார். "கண்ணுக்குத் தெரியுது. அது போதும்" என்றார். கட்டச் சொல்லவில்லை.